பதின்மூன்று வயதின் நாலு பேர்

எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் காலை ஏழரை மணிக்கு அடிக்கடி நடக்கும் காட்சி இது. மூக்கு நுனியில் கடுகளவு பரு. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கண்ணாடி முன்னால் நிற்கிறாள் மகள். "யாருடி உன் மூக்கையே பாத்துக்கிட்டு இருக்கப் போறா?" என்கிறாள் அம்மா. "எல்லாரும்தாம்மா" என்று அழுகையோடு பதில் வருகிறது. அம்மாவுக்கு இது அடம். மகளுக்கு இது உண்மை. அவள் முகம் சூடாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. உடம்பு பொய் சொல்லவில்லை.

"நாலு பேர் என்ன சொல்வாங்க" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த நாலு பேர் யார் என்று கேட்டால் எவராலும் பெயர் சொல்ல முடியாது. டேவிட் எல்கைன்ட் என்ற உளவியலாளர் 1967-இல் அவர்களைக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று அழைத்தார். பிறர் மனதில் என்ன ஓடுகிறது என்று யோசிக்கும் திறன் பதின்வயதின் வாசலில்தான் வலுவாக முளைக்கிறது. அது ஒரு பெரிய வளர்ச்சி. ஆனால் அந்தப் புதுத் திறனைக் கையில் எடுத்த பிள்ளை ஒரு கணக்கில் தவறுகிறது: தன் மனதை எது நிறைத்திருக்கிறதோ அதுவே எல்லோர் மனதையும் நிறைத்திருக்கும் என்று நம்பிவிடுகிறது. பரு அவளுக்குப் பெரிதென்றால் வகுப்பு முழுவதற்கும் பெரிது.

இந்த நாலு பேரை மூளைக்குள்ளேயே தேடிப் பார்த்தார் ஒருவர். லியா சோமர்வில் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 8 வயது முதல் 22 வயது வரையிலான 69 பேரை ஒவ்வொருவராக எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்தார்கள். உள்ளே ஒரு கேமரா இருக்கிறது, அது ஓடும்போது உன் வயதுப் பிள்ளை ஒருவர் உன் முகத்தைப் பார்ப்பார் என்று சொன்னார்கள். செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. கேள்வி இல்லை, தேர்வு இல்லை, சும்மா படுத்திருந்தால் போதும். கேமரா ஓடுகிறது என்ற அறிவிப்பு வந்ததும் கூச்சம் ஏறியது, தோலில் வியர்வை அரும்பியது. சிறு பிள்ளைகளைவிடவும் பெரியவர்களைவிடவும் இந்தக் கொதிப்பு பதின்வயதினரிடம்தான் மிகுதி. நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டி, 'நான்' என்பதைப் பற்றி எண்ணும்போது விழித்துக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு. குழந்தைப் பருவத்திலிருந்து பதின்வயதுக்கு வரும்போது அதன் துடிப்பு சட்டென்று உயர்ந்திருந்தது.

உண்மையில் அங்கே கேமராவும் இல்லை, பார்ப்பவரும் இல்லை. யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம் ஒன்றே வியர்வையை வரவழைத்துவிட்டது.

இதைப் படித்த பிறகு "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் அவ்வளவாக நம்மைக் கவனிப்பதில்லை என்பது உண்மைதான். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வெட்கப்படவைக்கும் படம் போட்ட டி-சர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, பலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். கல்லூரிக்குப் போன பிறகும் கணக்கு இப்படித் தப்பினால், பதின்மூன்று வயதில் எப்படி இருக்கும்!

இந்த வயதில் தடுமாறும் பிள்ளையைப் பார்த்ததும் நமக்குத் தோன்றுவது பாராட்டு. "நீ சூப்பர்டா", "உன்ன மாதிரி யாரும்மா வரைவா!" அன்பில் பிறக்கும் சொற்கள்தான் இவை. ஆனால் நெதர்லாந்தில் எட்டி ப்ரமெல்மன் குழுவினர் 2014-இல் கண்டது கலங்கவைக்கிறது. வான்கோ வரைந்த காட்டு ரோஜாக்களைப் பார்த்து 240 பிள்ளைகள் வரைந்தார்கள். ஓவியர் ஒருவர் எழுதியதாகச் சிலருக்கு 'அழகான படம்' என்று குறிப்புச் சீட்டு வந்தது. சிலருக்கு 'நம்பவே முடியாத அளவுக்கு அழகான படம்' என்று வந்தது. அடுத்து எளிய படம் வரைகிறாயா, தப்பு வரக்கூடிய, ஆனால் நிறையக் கற்றுக்கொள்ளக்கூடிய கடினமான படம் வரைகிறாயா என்று கேட்டார்கள். தன்மதிப்பு குறைந்த பிள்ளைகள், மிகைப் பாராட்டு கிடைத்ததும் எளிய படத்தின் பக்கம் ஒதுங்கினார்கள். காரணத்தை ஊகிக்க முடிகிறது. 'நம்பவே முடியாத' உயரத்தில் ஏற்றி உட்காரவைத்த பிறகு, அடுத்த படத்தில் கீழே விழுவதற்கு எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? இன்னொன்றையும் அதே குழு கண்டது: தன்மதிப்பு குறைந்த பிள்ளைகளிடம்தான் பெரியவர்கள் இப்படி அதிகம் மிகைப்படுத்துகிறார்கள். நாலு பேரிடமிருந்து காப்பாற்றப் போன நாமே ஐந்தாவது ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

அப்படியென்றால் மதிப்பு எங்கிருந்து வரும்? ஜெஃப்ரி கோயன் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். நண்பர்கள், குடும்பம், ஓவியம், விளையாட்டு என்று ஒரு பட்டியல். உனக்கு முக்கியமானது எது, ஏன் என்று எழுது. சுமார் 15 நிமிட வேலை. யாரும் திருத்தவில்லை, மதிப்பெண் போடவில்லை. 'உங்களுக்குப் படிப்பு வராது' என்ற முன்முடிவின் நிழலில் படிக்கும் கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் அந்தப் பருவத்தில் உயர்ந்தது. வெள்ளையினப் பிள்ளைகளோடு இருந்த இடைவெளி 40 சதவீதம் அளவுக்குக் குறைந்தது என்று 2006-இல் அறிவித்தார்கள். இது மந்திரம் இல்லை. பின்னால் பெரிய அளவில் செய்து பார்த்தபோது பலன் சிறிதாகவே இருந்தது, சில இடங்களில் தென்படவே இல்லை. ஆனாலும் அந்தத் தாள்களில் பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று பிறகு பார்த்ததில் கிடைத்ததுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. யாரோடு தங்களுக்கு உறவும் ஒட்டுதலும் இருக்கிறது என்று எழுதிய பிள்ளைகளுக்கே எழுத்து அதிகம் கைகொடுத்திருக்கிறது.

உள்ளிருந்து வரும் மதிப்பு என்றதும் தனியாக நிற்கும் வீரனைத்தான் நான் நினைத்திருந்தேன். அது தவறு. அந்தப் பிள்ளைகளின் உள்ளே பாட்டி இருந்தாள், தம்பி இருந்தான், ஒரே பெஞ்சில் உட்காரும் தோழி இருந்தாள். எடை போடாத மனிதர்கள் உள்ளே குடியிருந்தால் எடை போடும் நாலு பேரின் குரல் சற்றுத் தணிகிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இன்று ராத்திரி, பரீட்சைத் தாள் எதுவும் மேஜையில் இல்லாத நேரமாகப் பார்த்து, உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு தாள் கொடுங்கள். தனக்கு முக்கியமானது எது, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை பார்க்காதீர்கள். பிள்ளையே காட்டினால் மட்டும் வாங்கிப் படியுங்கள்.