உங்களுக்குத் தெரியுமா? சபைப் பாட்டு சந்தைக்கு வந்த கதை

● காஸ்பல் என்பது அமெரிக்கக் கறுப்பினச் சபைகளின் பாட்டு. 'காஸ்பல் இசையின் தந்தை' என்று அமெரிக்கர்கள் கொண்டாடும் தாமஸ் டார்சி, முதலில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் என்ற உலகியல் இசை வாசித்தவர். 1928-இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே ஓர் இரட்டை அர்த்தப் பாட்டுதான்! 1932-இல் அவர் வெளியூர் போயிருந்தபோது மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் எழுதியது 'டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்ட்'. மார்ட்டின் லூதர் கிங்குக்கு உயிரான பாட்டு. 1968-இல் அவருடைய இறுதிச் சடங்கில் காஸ்பல் பாடகி மகாலியா ஜாக்சன் அதைப் பாடினார்.

● ராக் இசையின் முன்னோடி யார் என்றால் எல்லாரும் ஆண்களின் பெயரையே அடுக்குவார்கள். சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும். பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த இந்தக் கறுப்பினப் பெண், கிட்டாரை அதிரவிட்டுக் கர்த்தரைப் பாடினார். அதுவும் எங்கே? 1938-இல், நியூயார்க்கின் 'காட்டன் கிளப்' கேளிக்கை விடுதியில்! சபையார் முகம் சுளித்தார்கள். ரெக்கார்டுகளோ விற்றுத் தீர்ந்தன. 1951-இல் தன் கல்யாணத்தையே வாஷிங்டன் பேஸ்பால் மைதானத்தில் டிக்கெட் போட்டு நடத்தினார். சுமார் 20,000 பேர் காசு கொடுத்து வந்தார்கள். (மொய் தனி போலும்!) மணக்கோலத்திலேயே கிட்டாரை மாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார். 1964-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரயில் ஓடாத பழைய ஸ்டேஷன் ஒன்றில் டிவிக்காகப் பாடப் போனார். மழை கொட்டியது. சளைக்காமல், நோவா காலத்துப் பெருமழையைப் பற்றிய பாட்டையே எடுத்துவிட்டார். 1973-இல் மறைந்தவருக்கு, 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் 2018-இல்தான் கிடைத்தது.

● பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் 1972-இல் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் பாடிய 'அமேசிங் கிரேஸ்', அவருடைய ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது. அதைப் படமெடுத்தவர்கள் கிளாப் அடிக்காததால் ஒலியும் காட்சியும் ஒட்டவில்லை. படம் வெளிவர 46 ஆண்டுகள் ஆயின.

● கலிஃபோர்னியாவில் எட்வின் ஹாக்கின்ஸ் நடத்திய இளைஞர் பாடகர் குழு, 1967-இல் நிதி திரட்டுவதற்காக ஒரு ரெக்கார்டு போட்டது. அச்சிட்டவை சில நூறுதான். அதிலிருந்த 'ஓ ஹேப்பி டே', 18-ஆம் நூற்றாண்டு ஞானப்பாட்டின் புது வடிவம். ரேடியோக்காரர்கள் கையில் சிக்கியதும் 1969-இல் அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடம், பிரிட்டனில் 2-ஆம் இடம்!

● அந்தப் பாட்டுதான் தனக்குத் தூண்டுதல் என்றார் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன். 1970-இல் வந்த அவருடைய 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டில், கோரஸ் 'அல்லேலூயா' என்று தொடங்கி, கேட்பவர் சுதாரிப்பதற்குள் 'ஹரே கிருஷ்ணா'வுக்கு நழுவிவிடும். வேண்டுமென்றே செய்த குறும்பு அது. நடுவில் 'குரு பிரம்மா' சுலோகமும் உண்டு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. ஆனால் மெட்டு 'ஹீஸ் சோ ஃபைன்' என்ற 1963-ஆம் ஆண்டுப் பாட்டின் சாயல் என்று வழக்கு வந்தது. தன்னை அறியாமலே காப்பியடித்துவிட்டார் என்று 1976-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். அந்தப் பழைய பாட்டில் ஆண்டவனும் இல்லை, அடியாரும் இல்லை. ஓர் அழகான பையனை நினைத்து ஏங்கும் பெண்தான் இருக்கிறாள்.