சிப்தாகெலார்

சிப்தாகெலார் என்பது இந்தோனேசியாவின் மேற்குச் சாவகத்தில், சுகபூமி மாவட்டத்தில் உள்ள சுண்டானிய மலைக் கிராமம் ஆகும். இது ஹலிமூன் சாலாக் தேசியப் பூங்காப் பகுதியில் அமைந்துள்ளது. இங்கு வாழ்வோர் 'கசெபுகான்' எனப்படும் மரபுச் சமூகத்தினர். இவர்களின் தலைவர் 'அபா' என அழைக்கப்படுகிறார்.

வேளாண்மை

நெல் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பயிரிடப்படுகிறது. கார்த்திகை, ஓரியன் விண்மீன் கூட்டங்களின் நிலையைப் பார்த்து விதைப்புக் காலம் குறிக்கப்படுகிறது. அறுவடையான கதிர்க்கட்டுகள் உலர்த்தப்பட்டு, மரத்தாலான நெற்களஞ்சியங்களில் பல ஆண்டுகளுக்குச் சேமிக்கப்படுகின்றன. நெல் உயிராக மதிக்கப்படுவதால், நெல்லையோ அரிசியையோ விற்பது விலக்கு. அறுவடை நிறைவில் 'செரென் தாவுன்' விழா நடைபெறுகிறது.

புதுமைகள் முற்றிலும் ஒதுக்கப்படவில்லை. சிறு புனல்மின் நிலையங்கள் மின்சாரம் தருகின்றன. சமூகத்துக்கெனத் தொலைக்காட்சி நிலையமும் உண்டு.

பயணமும் முதலீடும்

பெலாபுகான் ராத்துவிலிருந்து கரடுமுரடான மலைப்பாதையில் இக்கிராமத்தை அடையலாம். வருவோர் 'இமா கெடே' எனும் பெரிய வீட்டில் விருந்தினராக வரவேற்கப்படுகின்றனர்.

இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, வெளிநாட்டவர் நிலத்தில் முழு உரிமை பெற முடியாது. உள்ளூர் மக்களின் உரிமையும் எளிதில் உறுதியாவதில்லை. மரபுச் சமூகக் காடுகள் அரசுக் காடுகள் அல்ல என்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆயினும், அவ்வுரிமையைப் பெற ஒவ்வொரு சமூகமும் முதலில் அரசின் முறையான ஏற்பைப் பெறவேண்டும். எனவே இங்கு நிலம் என்பது முதலீட்டுப் பொருளாக அன்றி, வாழ்வுரிமையாகவே பார்க்கப்படுகிறது.