வலைப்பதிவர்களுக்கான விளம்பரப் பரிமாற்ற வலையமைப்புகள்: வரவுப்புள்ளியின் இயங்குமுறையும் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

பணம் செலவிடாமல் ஒருவர் தளத்தில் மற்றவர் விளம்பரத்தைக் காட்டிக்கொள்ள உதவும் பரிமாற்ற வலையமைப்புகளில், பணத்தின் இடத்தைக் ‘கிரெடிட்’ எனப்படும் வரவுப்புள்ளி வகிக்கிறது. அப்புள்ளி எவ்வாறு ஈட்டப்படுகிறது, எவ்வாறு செலவிடப்படுகிறது, அதன் ஒரு பகுதி எவ்வாறு வலையமைப்பை நடத்துவோரிடம் தங்குகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வரவுப்புள்ளி காட்சியை அளக்கிறதேயன்றி வாசிப்பை அளப்பதில்லை என்பதும், இவ்வலையமைப்புகளின் பயனையும் தளர்ச்சியையும் அவ்விடைவெளியே தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வலைப்பதிவு, விளம்பரப் பரிமாற்றம், வரவுப்புள்ளி, பதாகை விளம்பரம், வாசகர் கவனம்.

முன்னுரை

1999இல் பிளாக்கர், 2003இல் வேர்ட்பிரஸ் ஆகியவை வந்தபின் இணையத்தில் எழுதுவதற்குப் பொருட்செலவு ஏறத்தாழ இல்லாமற்போயிற்று. எழுதியதை வாசகரிடம் சேர்ப்பதற்கான செலவோ குறையவில்லை. கூகுள் நிறுவனம் 2000இல் தொடங்கிய ஆட்வேர்ட்ஸ் வழியே விளம்பரம் செய்யப் பணம் வேண்டியிருந்தது. 2003இல் வந்த ஆட்சென்ஸ் வழியே தம் தளத்தின் இடத்தை விற்றுப் பணம் ஈட்ட வாசகர் கூட்டம் வேண்டும். தமிழ் வலைப்பதிவர்களுக்கு மேலும் ஒரு தடை இருந்தது. ஆட்சென்ஸ் தமிழை முறைப்படி ஏற்றது 2018 பிப்ரவரியில்தான்.

ஆகவே, தொடக்கநிலை வலைப்பதிவரிடம் மூன்று கூறுகள் ஒருசேரக் காணப்படுகின்றன. அவருடைய பக்கத்தில் விற்கப்படாத இடம் உண்டு, வாசகர் குறைவு, விளம்பரத்திற்குச் செலவிடப் பணம் இல்லை. விற்கப்படாத இடத்தையே விளம்பரச் செலவுக்கான நாணயமாக்க முடியுமா என்ற வினாவுக்கு விடையாக எழுந்தவையே வரவுப்புள்ளி வலையமைப்புகள்.

நேரடிப் பரிமாற்றமும் வரவுப்புள்ளியும்

இருவர் தத்தம் தளங்களில் மற்றவர் தளத்திற்கு இணைப்புக் கொடுத்துக்கொள்வது நேரடிப் பரிமாற்றம். பண்டமாற்றுக்குரிய இடர்ப்பாடு இதற்கும் உண்டு. சமையற்குறிப்பு எழுதுபவரின் இடத்தைப் பயணக்கட்டுரை எழுதுபவர் விரும்பலாம். அவர் இடத்தைச் சமையற்குறிப்பு எழுதுபவர் விரும்பாதுபோகலாம். இருவர் விருப்பமும் ஒரே நேரத்தில் பொருந்தினாலன்றிப் பரிமாற்றம் நிகழாது.

தமிழர் வழக்கிலுள்ள மொய்முறை இதனை விளக்கத் துணைசெய்யும். மொய் நோட்டில் யார், எவ்வளவு செய்தார் என்பது பெயரோடு பதிவாகிறது. திருப்பிச் செய்யவேண்டிய கடமை செய்தவருக்கே உரியது. வரவுப்புள்ளி இப்பெயரை நீக்குகிறது. ‘அ’ என்பவர் ‘ஆ’ என்பவரின் விளம்பரத்தைக் காட்டிப் பெற்ற புள்ளியை, ‘இ’ என்பவரின் தளத்தில் செலவிடலாம். கடமை ஓர் ஆளிடமிருந்து வலையமைப்பு முழுமைக்கும் மாறுகிறது. இவ்வகையில் இது இணையத்திற்கு முந்திய சில ஏற்பாடுகளோடு உறவுடையது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1983இல் மைக்கேல் லிண்டன் தொடங்கிய உள்ளூர்ப் பரிமாற்ற முறையும், சுவிட்சர்லாந்தில் 1934இல் தோன்றிய விர் கூட்டுறவு அமைப்பும் அரசு நாணயமின்றி உறுப்பினர்களின் வரவு செலவுக் கணக்கைக் கொண்டே கொடுக்கல் வாங்கலை நடத்தின.

காட்சிவழி ஈட்டல்

இம்முறையை இணையத்தில் பெரிய அளவில் நிலைநிறுத்தியது 1996இல் டோனி ஷே, சஞ்சய் மதன் ஆகியோர் அமெரிக்காவில் தொடங்கிய லிங்க்எக்ஸ்சேஞ்ச் ஆகும். வலைப்பதிவு என்ற சொல் பரவுவதற்கு முன்பே, தனியாள் நடத்திய சிறு தளங்களுக்காக அது இயங்கியது. பிற்கால வலைப்பதிவர் வலையமைப்புகளின் அடிப்படை அமைப்பு அதிலேயே காணப்படுகிறது.

உறுப்பினர் தம் பதாகை விளம்பரத்தை வலையமைப்பிடம் அளிப்பார். வலையமைப்புத் தரும் சிறு நிரல்துண்டைத் தம் பக்கத்தில் ஒட்டுவார். வாசகர் அப்பக்கத்தைத் திறக்கும்போது, அந்நிரல்துண்டு வலையமைப்பின் வழங்கிக் கணினியை அழைக்கும். அக்கணினி வேறோர் உறுப்பினரின் பதாகையைத் தேர்ந்து அனுப்பிவிட்டு, காட்டியவர் கணக்கில் வரவும், காட்டப்பட்டவர் கணக்கில் செலவும் எழுதும். இரண்டு பதாகைகளைக் காட்டிய தளத்தின் விளம்பரம் பிற தளங்களில் ஒருமுறை காட்டப்படும் என்பதே லிங்க்எக்ஸ்சேஞ்ச் வகுத்த விகிதம். மீதமுள்ள பாதிக் காட்சிகள் நிறுவனத்திற்கு உரியவை. அவற்றை அது பணம் செலுத்தும் விளம்பரதாரர்களுக்கு விற்றது.

இவ்விகிதத்தின் பொருளை ஒரு கணக்கால் காணலாம். ஒரு மாதத்தில் ஒரு தளம் 1000 காட்சிகளை அளிக்கிறது எனவும், 200 காட்சிகளுக்கு ஒருவர் விளம்பரத்தைச் சொடுக்குகிறார் எனவும் கொள்வோம். அத்தளத்திலிருந்து 5 பேர் வெளியே செல்வர். அத்தளம் பெறும் 500 காட்சிகளால் 2 அல்லது 3 பேர் உள்ளே வருவர். இத்தகைய பத்துத் தளங்கள் கொண்ட வலையமைப்பில் 50 பேர் வெளியேற, 25 பேர் உறுப்பினர் தளங்களுக்கும் 25 பேர் பணம் செலுத்திய விளம்பரதாரர்களுக்கும் செல்வர். வலையமைப்பு வாசகரைப் புதிதாக உருவாக்குவதில்லை. இருக்கும் வாசகரை இடம்மாற்றி, ஒரு பகுதியைத் தன் கூலியாக எடுத்துக்கொள்கிறது.

அவ்வாறாயின் உறுப்பினர் ஏன் சேர்ந்தனர்? வெறுமனே கிடந்த இடத்திற்கு ஏதேனும் ஒரு பயன் கிடைத்தது. மேலும், வெளியே சென்ற பழைய வாசகர் திரும்பி வரலாம். உள்ளே வந்த புதிய வாசகர் தொடர்ந்து வாசிக்கலாம். தங்குவோர் இழப்போரினும் மிகுந்தால் உறுப்பினருக்கு ஆதாயமே. 1998 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் லிங்க்எக்ஸ்சேஞ்சை 26.5 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. விலைபோனவற்றுள் முதன்மையானது அச்சிறு தளங்கள் சேர்ந்து அளித்த காட்சிப் பரப்பாகும். ஆயின், உறுப்பினர்களின் புள்ளி விளம்பரக் காட்சிக்கு மட்டுமே உரிமை தந்தது; நிறுவனத்தின் உடைமையில் பங்கு தரவில்லை.

வருகைவழி ஈட்டல்

வாசகர் குறைந்த வலைப்பதிவரால் காட்சிவழிப் புள்ளி ஈட்ட இயலாது. யாரும் திறக்காத பக்கத்தில் பதாகையும் காட்டப்படாது. எனவே, 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் வேறொரு முறை வலைப்பதிவர்களிடையே பரவியது. பதிவர் தாமே பிற பதிவுகளுக்குச் சென்று, அவ்வருகைக்காகப் புள்ளி பெறுவார். ஒரு வகையில், வலையமைப்பு அடுத்தடுத்துக் காட்டும் தளங்களைக் குறிப்பிட்ட நொடிகள் பார்த்திருந்தால் புள்ளி சேரும்.

2007 நவம்பரில் தொடங்கிய என்ட்ரகார்டு இதனை அறிமுக அட்டை வழக்கத்தோடு இணைத்தது. ஒவ்வொரு வலைப்பதிவின் ஓரத்திலும் 125 படப்புள்ளி அகலமும் உயரமும் கொண்ட சதுரச் சட்டம் ஒன்று இருந்தது. அங்குச் சென்ற உறுப்பினர் தம் அட்டையை ‘இட்டு’ வந்தார். இட்டவருக்கு ஒரு புள்ளி, பெற்றவருக்கு ஒரு புள்ளி. ஒரு நாளில் 300 அட்டைகள்வரை இட முடிந்தது. ஈட்டிய புள்ளிகளைக் கொண்டு விரும்பிய வலைப்பதிவின் சட்டத்தில் ஒருநாள் விளம்பரம் வாங்க முடிந்தது. காத்திருந்த விளம்பரங்கள் மிக மிக, அவ்விடத்தின் விலையும் ஏறியது.

முதல்முறையில் புள்ளிக்கு ஈடாகத் தரப்பட்டது இடம். இரண்டாம் முறையில் தரப்படுவது பதிவரின் நேரம். ஒரு தளத்தைத் திறந்து அட்டையிட 10 நொடி ஆகும் எனக் கொண்டால், 300 அட்டைகளுக்கு 3000 நொடி, அதாவது 50 நிமிடம் ஆகும். ஒரு பதிவு எழுதும் நேரத்தின் கணிசமான பங்கு இது. பணம் செலவில்லை என்ற கூற்று உண்மையாயினும், செலவே இல்லை என்பது பொருந்தாது.

புள்ளியின் அளவும் மதிப்பும்

வரவுப்புள்ளி ஒரு சிறு நாணயமாதலின், அதன் மொத்த அளவே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. இதற்குப் பொருளியலில் அறியப்பட்ட சான்று ஒன்று உண்டு. வாஷிங்டனின் கேப்பிட்டல் ஹில் பகுதியில் இயங்கிய குழந்தைப் பராமரிப்புக் கூட்டுறவைப் பற்றி ஜோன் சுவீனி, ரிச்சர்டு சுவீனி ஆகியோர் 1977இல் எழுதினர். பால் குருக்மன் பின்னர் அதனைப் பரவலாக்கினார். ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொண்டதற்குச் சீட்டுகள் தரப்பட்டன. சீட்டுகள் குறைவாக இருந்தபோது, எல்லோரும் சேமிக்க முனைந்து எவரும் செலவிடாமல் கூட்டுறவு முடங்கியது. சீட்டுகள் மிகுந்தபோது, செலவிட விரும்புவோர் பெருகிப் பணிசெய்ய முன்வருவோர் அருகினர்.

விளம்பரப் பரிமாற்றத்திற்கும் இது பொருந்தும். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் புள்ளி காட்சியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அளவு தானே கட்டுக்குள் இருக்கிறது. அட்டையிடும் முறையில் ஒவ்வோர் இடலும் இரண்டு புதிய புள்ளிகளைப் பிறப்பிக்கிறது. விளம்பர இடமோ ஒரு தளத்திற்கு ஒரு நாளைக்கு ஒன்றே. புள்ளிகள் பெருக, இடம் பெருகாதிருப்பின், விலை ஏறுவது இயல்பு. நேற்று ஈட்டிய புள்ளி இன்று குறைவாக வாங்கும். இதனைத் தடுக்க, நடத்துவோர் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கைக் கழிக்கலாம், செயலற்ற கணக்குகளை நீக்கலாம், அல்லது நாள் உச்சவரம்பை வைக்கலாம். இம்முடிவுகள் அனைத்தும் அவர்கள் கையில் உள்ளன. உறுப்பினரின் சேமிப்பு, விதி மாறும் நாளில் மாறும். வலையமைப்பு மூடப்படும் நாளில் இல்லாதுபோகும்.

காட்சிக்கும் வாசிப்புக்கும் இடையே

புள்ளி ஈட்ட வருபவரும் பக்கத்தைத் திறக்கிறார். வாசிக்க வருபவரும் பக்கத்தைத் திறக்கிறார். எண்ணும் கருவிக்கு இருவரும் ஒன்றே. எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதுவே பெருகும் என்பதால், வருகை எண்ணிக்கை உயர்ந்தும் மறுமொழிகளும் மறுவருகையும் உயராத நிலை தோன்றுகிறது. மேலும், வருவோர் அனைவரும் பதிவர்களே ஆதலின், கவனம் ஒரே வட்டத்துள் சுழல்கிறது.

ஒப்பிட்டு நோக்கத்தக்கது திரட்டி முறை. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் புதிய தமிழ்ப் பதிவுகளின் தலைப்புகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டியது. இடம்பெற எவரும் புள்ளி ஈட்ட வேண்டியதில்லை. தலைப்பைக் கண்டு தாமே தேர்ந்து வந்தவர் என்பதால், அவ்வருகையில் வாசிக்கும் நோக்கம் முன்பே அமைந்திருந்தது. பரிமாற்ற வலையமைப்பு அந்நோக்கத்தை ஓரளவேனும் பெற வேண்டுமாயின், பொருள்வகைப்படி தளங்களைப் பிரித்து, ஒத்த பொருளுடைய பதிவில் விளம்பரத்தைக் காட்ட வேண்டும். அவ்வாறு அமைந்த இடங்களில் பதிவர்கள் தம் துறையைச் சார்ந்த பிற பதிவர்களை அறிந்துகொண்டது இவ்வலையமைப்புகளின் மெய்யான பயனாகும்.

வெளிவிதிகளின் தாக்கம்

விளம்பர நிறுவனங்களும் தேடுபொறிகளும் வகுத்த விதிகளும் இவ்வலையமைப்புகளைப் பாதித்தன. காட்சிகளையும் சொடுக்குகளையும் பரிமாற்றத்தின் மூலம் பெருக்கும் சேவைகளை ஆட்சென்ஸ் தடைசெய்கிறது. அத்தகைய வருகைகள் மிகுந்த தளத்தின் விளம்பரக் கணக்கு முடக்கப்படலாம். தேடல் தரவரிசையை உயர்த்தும் நோக்கில் செய்யப்படும் மிகையான இணைப்புப் பரிமாற்றத்தையும் கூகுள் முறைகேடாகக் கருதுகிறது. தரவரிசைக்குக் கணக்கிட வேண்டாம் எனத் தேடுபொறிக்கு உணர்த்தும் இணைப்புக் குறியீடு 2005இல் அறிமுகமானது. ஆகவே, புள்ளிவழி வரும் வாசகரைக் கொண்டு பணம் ஈட்டலாம் என நம்பும் பதிவர், உள்ள வருவாயையும் இழக்க நேரிடும்.

முடிவுரை

வரவுப்புள்ளி வலையமைப்பு, விற்கப்படாத இடத்தையும் எழுதுபவரின் நேரத்தையும் விளம்பரமாக மாற்றும் ஏற்பாடு. அம்மாற்றத்தில் எவ்வளவு இழக்கப்படுகிறது என்பதே அதன் தரத்தை அறியும் அளவுகோல். சேர விழையும் பதிவர் நான்கு செய்திகளை முன்னரே அறிதல் வேண்டும்: தாம் அளிக்கும் காட்சிகளுக்கு ஈடாகப் பெறும் காட்சிகளின் விகிதம், எஞ்சிய காட்சிகள் யாருக்கு விற்கப்படுகின்றன என்பது, புள்ளியின் மதிப்பைக் குறைக்கும் விதிகள், வந்தவருள் மறுவாரமும் வருவோர் தொகை. முதல் மூன்றும் வலையமைப்பின் விதிகளில் தேடத்தக்கவை. நான்காவதைப் பதிவர் தம் தளத்தின் வருகைக் கணக்கிலிருந்து தாமே காண வேண்டும். ஒரு மாதம் அட்டையிட்ட நேரத்தையும் அம்மாதத்தில் நிலைத்த வாசகர் தொகையையும் அருகருகே எழுதிப் பார்ப்பின், அந்நேரத்தை இன்னொரு பதிவு எழுதச் செலவிட்டிருக்கலாமா என்பதற்கு விடை கிடைக்கும்.