கூட வருகிறவர் – 9: உலைக்குப் பக்கத்தில்

மதுரை கோரிப்பாளையத்தில் டவுன் பஸ் நகராமல் நிற்கிறது. ஒருவழியாக அலுவலகம் போய்ச் சேர்ந்தால், "இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துட்டு நாளைக்கு வாங்க" என்கிறார்கள். வீடு திரும்பினால் தண்ணீர் வந்து நின்றுபோயிருக்கிறது. பிடித்துவைக்க வீட்டில் ஆள் இல்லை. நோயென்றால் போதகர் வருவார், சாவென்றால் சபையே வரும். இந்தச் சில்லறை எரிச்சல்களுக்கு யாரும் வருவதில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோரின் நாட்கள் கழிவது இவற்றோடுதான்.

சபையில் சொல்லிப் பாருங்கள். "ஜெபம் பண்ணுங்கக்கா, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்பார்கள். அன்பான பேச்சுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அதில் ஆண்டவர் நம் காரியத்தை முடித்துத் தருகிறவராகவே நிற்கிறார். காரியம் முடியாத நாளில் அவர் எங்கே இருக்கிறார்?

இந்தக் கேள்வியோடு அரசரடிப் பக்கம் போகலாம். 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அதில் ஆசிரியராக இருந்தவர் தியாபிலஸ் அப்பாவு. 'பரட்டை அண்ணன்' என்றால்தான் பலருக்குத் தெரியும். தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவர், 2005இல் மறைந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனைகளும் மேல்நாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளும் ஆண்டுவந்த ஆராதனைக்குள், நாட்டுப்புற மெட்டையும் கிராமத்துப் பேச்சையும் பறையையும் கொண்டுவந்தார். சாவு வீட்டுக்கானது என்று ஒதுக்கப்பட்ட பறை பலிபீடத்தின் முன் ஒலித்தபோது, அதை அடித்துவந்த மக்களும் அதோடு உள்ளே வந்தார்கள். அவருடைய பாட்டுகளில் கூலி வேலையும் பசியும் சாதியும் வரும்.

அவர் இறையியலின் நடுவில் இருந்தது சோறு. 'ஒரு உலை' என்பார். அடுப்பு ஒன்றாக இருக்கும்வரைதான் கூட்டுக்குடும்பம் ஒன்றாக இருக்கும். அடுப்பு பிரிந்தால் குடும்பமும் பிரிந்துவிடும். அப்படியே, அவரவர் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டு, சாதி பார்க்காமல் உட்கார்ந்து உண்கிற இடத்தில் கடவுளும் இருக்கிறார் என்பதுதான் அவர் கண்டது. இராப்போஜனத்தை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். நெல்லைப் பக்கத்துச் சபைகளின் அசன விருந்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உலைக்குப் பக்கத்தில் கடவுளைக் கண்ட இன்னொருவரும் உண்டு. பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். போரில் அடிபட்டுக் கால் ஊனமானவர், 1691இல் இறந்தார். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலைக்கு நடுவே, பாத்திரச் சத்தத்துக்குள்ளேயே, கடவுளோடு பேசிக்கொண்டிருக்கப் பழகினார். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் மதுரைக்கு அவரைவிடப் பரட்டை அண்ணனே கூடுதலாகத் தேவைப்படுகிறார். நம் ஊரில் எரிச்சல்கள் சமமாகப் பங்கிடப்படவில்லை. தண்ணீர் வராத நாளில் குடம் சுமப்பவர்கள் பெண்கள். 'நாளைக்கு வாங்க' என்ற ஒரு சொல்லால் ஒரு நாள் கூலியை இழப்பவர் ஏழை. அவர்களிடம் போய்ப் பொறுத்துக்கொள்ளுங்கள், அதில் கடவுளைக் காணுங்கள் என்று மட்டும் சொல்வது கொடுமை. கடவுள் கூட இருக்கிறார் என்றால், அந்தக் குடத்தின் பாரம் அவருக்கும் தெரிய வேண்டும். அதை ஏன் இவள் மட்டும் சுமக்கிறாள் என்று அவர் கேட்கவும் வேண்டும்.

நாமும் அவரிடம் கேட்கலாம். சங்கீதங்கள் 150. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான்: ஏன் இன்னும் வரவில்லை, எத்தனை நாள் காத்திருப்பது என்கிற கேள்விகள். முறையிடுவதை அவிசுவாசம் என்று வேதாகமம் எண்ணியிருந்தால் அவற்றைச் சேர்த்தே வைத்திருக்காது.

அப்படி முறையிடுகிறவர்களை லூக்கா 24ஆம் அதிகாரத்திலும் பார்க்கிறோம். இருவர் எருசலேமிலிருந்து எம்மாவூருக்கு நடக்கிறார்கள். சுமார் 11 கிலோமீட்டர். கோரிப்பாளையத்திலிருந்து ஒத்தக்கடையைத் தாண்டிப் போகிற தூரம். நம்பியது நடக்கவில்லை என்று மனம் உடைந்து நடக்கிறவர்களோடு ஒருவர் வந்து சேர்ந்துகொள்கிறார். என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கிறார். எல்லாம் தெரிந்தவர்தான், இருந்தும் அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். அவர் பேசிய வேதவாக்கியங்களில் மனம் கொழுந்துவிட்டு எரிந்தும் அவரை அடையாளம் தெரியவில்லை. ஒரே பந்தியில் அமர்ந்து அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் இயேசு என்று தெரிந்தது. உடனே அவர் மறைந்துவிடுகிறார். ரோமர்களின் ஆட்சியும் மாறவில்லை, சிலுவையில் நடந்ததும் இல்லாமல் போகவில்லை. ஆனால் சோர்ந்து வந்த அதே வழியில் அந்த இருவரும் அந்த வேளையிலேயே எழுந்து எருசலேமுக்குத் திரும்பினார்கள்.

இன்று இரவு குடும்ப ஜெபத்தில் 'எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்' என்று பொதுவாக முடித்துவிடாதீர்கள். தண்ணீர் பிடிக்க முடியாததை, பஸ் நின்றதை, அலுவலகத்தில் அலைக்கழித்ததை அப்படியே சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கும்படியாகவே சொல்லுங்கள். அடுத்த வீட்டிலும் தண்ணீர் பிடிக்க முடியாமல் போயிருந்தால், அவர்கள் எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல், இருப்பதில் ஒரு குடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.