ஜன்னலுக்கு வெளியே ஒரு மருந்தாளுநர்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, குடித்துக்கொண்டே கேளுங்கள். அரசு மருத்துவமனை மருந்தாளுநர் என்றதும் நமக்குத் தோன்றுவது ஒரு சின்ன ஜன்னல். ஓ.பி. சீட்டை நீட்டினால் மாத்திரை வரும், ‘காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ என்ற குரலோடு. சந்தேகம் கேட்பதற்குள் பின்னால் நிற்பவர் இடித்துவிடுவார்.

அந்த ஜன்னலில் மருந்து இருப்பதே ஒரு காலத்தில் பெரிய பாடு. 1995 வாக்கில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பத் தொடங்கியதும் அந்தக் கவலை பெருமளவு தீர்ந்தது. மருந்து உடம்புக்குள் போனபின் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை. அந்த ஆளுக்குப் பெயர் கிளினிக்கல் பார்மசிஸ்ட்.

இதய வால்வு மாற்றிய ஒருவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். அவருக்கே டி.பி.யும் வந்து ரிஃபாம்பிசின் ஆரம்பிக்கிறார்கள். ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடும். வார்ஃபரின் சீக்கிரம் சிதைந்துபோகும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு குறைவதைப் பார்த்து டாக்டர் வார்ஃபரினைக் கூட்டுகிறார். அதுவரை சரி. ஆறு மாதத்தில் டி.பி. குணமாகி மாத்திரை நிற்கிறது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆபத்து அங்கேதான் ஆரம்பம். இரண்டு மூன்று வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். கூட்டிய வார்ஃபரின் மட்டும் அப்படியே உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், சில சமயம் மூளையிலும். டி.பி. மாத்திரையை நிறுத்தியது ஓரிடம், வார்ஃபரின் எழுதுவது வேறிடம். யார் மீதும் குற்றமில்லை. இரண்டு சீட்டையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்க்க யாருமில்லை, அவ்வளவுதான்.

எல்லாமே இவ்வளவு சிக்கலாக இருக்காது. பி.பி.க்கு ஜி.எச்.சில் கொடுத்த அம்லோடிபின் ஒரு பட்டை, தனியார் டாக்டர் வேறு கம்பெனிப் பெயரில் எழுதிய அதே அம்லோடிபின் இன்னொரு பட்டை. இரட்டை டோஸில் கால் வீங்கிப்போய் நிற்கும் பாட்டியின் மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தாலே போதும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதையல்ல. ஊட்டி அரசு மருத்துவமனையில் அங்குள்ள ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரிக்காரர்கள் பல வருடமாகவே வார்டு ரவுண்ட்ஸில் கூடப் போகிறார்கள். 2008-இல் ஆறு வருட பார்ம்.டி. படிப்பும் நாட்டில் வந்துவிட்டது. கடைசி வருடம் முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. பக்குவமான பிள்ளைகள் ரவுண்ட்ஸ் முடிந்து வராந்தாவுக்கு வந்தபின், ‘சார், அந்த மூணாம் பெட்டுக்கு கிரியாட்டினின் ஏறியிருக்கு, ஜென்டாமைசின் பழைய டோஸ்லயே போகுது’ என்பார்கள். சிறுநீரகம் சுணங்குகிறது, டோஸைப் பார்த்து மாற்றுங்கள் என்று அர்த்தம். நோயாளி முன்னால் சொன்னால் எந்த டாக்டருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

பயிற்சி முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்கோ மருந்துக் கம்பெனிக்கோ போய்விடுகிறார்கள். அரசுப் பணியிடம் என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் அதே ஜன்னலுக்குப் பின்னால்தான். பயிற்சி மாணவர்களை வைத்தே காலத்தை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புது பேட்ச் வரும்போதெல்லாம் வேலை முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இரண்டே நிரந்தரப் பணியிடம் கொடுக்கட்டும். ஒருவர் மெடிக்கல் வார்டில் கேஸ் ஷீட் பார்க்கட்டும். இன்னொருவர் டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியை உட்காரவைத்து, எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று சொல்லி அனுப்பட்டும். ஐ.சி.யூ., குழந்தைகள் வார்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.