பின்சில்லும் திரும்பும் வாகனம்

பழைய இராணுவ பாரவூர்தியின் முன் அச்சைக் கழற்றி, கரடுமுரடான பாதையில் ஓடும் வாகனத்தின் பின்புறத்தில் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க எம்-35 பாரவூர்தியின் இரண்டரைத் தொன் ரொக்வெல் அச்சு இவர்களிடையே பெயர்போனது. அதன் முன் அச்சு வண்டியை இழுக்கும். சில்லுகளைத் திருப்பவும் விடும்.

இதில் என்ன இலாபம்? முன்சில்லுகள் திரும்பும் அதே அளவுக்குப் பின்சில்லுகள் எதிர்ப்பக்கம் திரும்பினால், ஏறத்தாழ அரைவாசி இடத்திலேயே வண்டி வளைந்துவிடும்.

ஆனால் அச்சை முன்பின்னாக மாற்றியே பூட்ட வேண்டும். காரணத்தின் வேர் லண்டனில் இருக்கிறது. மூனிச் நகர வண்டி செய்பவர் லங்கென்ஸ்பெர்கரின் கண்டுபிடிப்புக்கு, ஸ்ட்ரான்ட் வீதி வணிகர் ருடொல்ஃப் அக்கர்மான் 1818இல் இங்கு காப்புரிமை பெற்றார். வளைவில் உட்பக்கச் சில்லு வெளிப்பக்கச் சில்லை விடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்பதே அதன் சாரம். அச்சை அப்படியே பின்னுக்குக் கொண்டுபோனால் இது தலைகீழாகும். ரயர் உரசித் தேயும்.

தேய்மானத்தை விடப் பெரியது உயிராபத்து. வேகமாக ஓடும்போது பின்சில்லு சற்றே விலகினாலும் வண்டியின் பின்பகுதி வீசியெறியப்படும். ஆகவே வீதியில் இறங்குமுன் பின்சில்லுகளை நேராக நிறுத்தி, அசையாமல் பூட்டும் பொறி கட்டாயம் வேண்டும். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு மறைத்தால், விபத்தின்பின் இழப்பீடு மறுக்கப்படலாம்.

இவ்வேலையில் ஆர்வமுள்ள பிள்ளைகளைத் தடுக்கத் தேவையில்லை. “பின்சில்லுக்குப் பூட்டு இருக்கிறதா? காப்புறுதிக்காரருக்குச் சொன்னாயா?” என்று பெற்றோர் முதலில் கேட்டால் போதும்.