பூம்புகார் படகுத்துறை, கன்னியாகுமரி

இங்கிருந்து படகு விடும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் 1974-இல் தமிழக அரசு தொடங்கிய நிறுவனம். அனல்மின் நிலையங்களுக்குக் கப்பலில் நிலக்கரி கொண்டுவருவதே அதன் முதன்மைப் பணி. விவேகானந்தர் பாறைக்குப் பயணிகளை ஏற்றிச்செல்லும் பணி 1984-இல் அதனுடன் சேர்ந்தது. பொதிகை, விவேகானந்தா, குகன் ஆகியவை இத்துறையின் பழைய படகுகள். குகன் என்பது கங்கையில் இராமனை அக்கரை சேர்த்தவன் பெயர், படகுக்குப் பொருத்தமே. தாமிரபரணி, திருவள்ளுவர் பின்னர் வந்தவை.

2000-இல் 133 அடி வள்ளுவர் சிலை திறக்கப்பட்டதும் அடுத்த பாறையும் வழித்தடத்தில் சேர்ந்தது. ஆனால் கடல் நீர்மட்டம் தாழும் வேளைகளில் அங்கே படகு அணைய முடியாது. 30.12.2024 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இக்குறையைத் தீர்த்தது. விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே சிலைக்குச் செல்லலாம்.

கடல் சீற்றமாக இருந்தால் படகுகள் நிறுத்தப்படும். உயிர்காப்பு அங்கியை அணிந்தே பயணம் செய்யுங்கள்.